தடுப்பூசியின் பலனும் வேலையைப் பறிக்கும் ஆணையும்

கொரோனா தடுப்பூசி போட்டுக்கொள்ளாதவர்களை வேலையிலிருந்து நீக்கலாமா என்ற வாதம் இப்போது ஏறத்தாழ அடங்கிவிட்டது. நீதிமன்றங்கள் தீர்ப்பளித்துவிட்டன, பெரும்பாலான ஆணைகள் திரும்பப் பெறப்பட்டுவிட்டன, அன்று எல்லா வாசலிலும் காட்டிய சான்றிதழை இன்று யாரும் கேட்பதில்லை. ஆனாலும் எனக்குள் அந்த வாதம் அடங்க மறுக்கிறது. நான் பணிபுரிந்த நிறுவனத்தில் அந்த ஆணையை நடைமுறைப்படுத்திய பாதுகாப்புக் குழுவில் நானும் ஓர் உறுப்பினனாக இருந்தேன். விலக்குக் கேட்டு வந்த விண்ணப்பங்களைப் படிப்பதும், விண்ணப்பித்தவரை நேரில் அழைத்துக் கேட்பதும், நிர்வாகத்துக்குப் பரிந்துரை எழுதுவதும் எங்கள் பொறுப்பு. நான் தடுப்பூசியை நம்புகிறவன். முதல் வாய்ப்பிலேயே போட்டுக்கொண்டேன், வீட்டிலிருந்த பெரியவர்களையும் போட்டுக்கொள்ள வைத்தேன். அந்த நம்பிக்கை இன்றுவரை குறையவில்லை. ஆனால் தடுப்பூசியை நம்புவது ஒரு செய்தி; அதைப் போடாதவரின் பிழைப்பில் கைவைக்கலாம் என்பது இன்னொரு செய்தி. முதலாவதை ஒப்புக்கொண்டால் இரண்டாவதும் தானாக வந்துசேரும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது.

ஆணையை ஆதரித்தவர்கள், தடுப்பூசி பலன் தருகிறது, ஆகவே கட்டாயமாக்கலாம் என்றார்கள். எதிர்த்தவர்களில் பலர், கட்டாயம் தவறு என்று நிறுவுவதற்காகத் தடுப்பூசியே பலனற்றது என்று நிறுவ முற்பட்டார்கள். அலுவலகத்தில் நான் கேட்ட பெரும்பாலான சண்டைகள் இந்த ஒரே தடத்தில்தான் ஓடின. வேலை போய்விடுமோ என்று அஞ்சிய ஒருவர், தன் உடல்மீது தனக்குள்ள உரிமையைப் பற்றிப் பேசியிருக்கலாம். தன் வேலையின் தன்மை பிறருக்கு ஆபத்து உண்டாக்குவதில்லை என்று காட்டியிருக்கலாம். ஆனால் அந்த வாதங்களுக்கு அங்கே செவிசாய்ப்பார் இல்லை. ஆகவே எங்கோ படித்த எண்களை அடுக்கி, பல லட்சம் உயிர்களைக் காத்த ஒரு மருந்தைப் பொய்யென்று காட்டும் நிலைக்கு அவர் தள்ளப்பட்டார். ஓர் ஆணையின் வேகம் நல்ல மருந்தின் பெயரையே கெடுத்ததை நான் கண்ணெதிரே பார்த்தேன்.

95 விழுக்காடு

2020 டிசம்பரில் வெளியான ஃபைசர் தடுப்பூசியின் ஆய்வு முடிவைப் பலரும் 95 விழுக்காடு என்ற ஓர் எண்ணாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். நூறு பேர் போட்டுக்கொண்டால் 95 பேருக்கு நோய் வராது, 5 பேருக்கு வரும் என்று அதற்கு விளக்கம் சொன்னவர்கள் எங்கள் குழுவிலும் இருந்தார்கள். ஆய்வு சொன்னது அதுவன்று. ஏறத்தாழ 43,000 பேரை இரண்டு பிரிவுகளாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குத் தடுப்பூசியும் மற்றொன்றுக்கு மருந்தில்லாத ஊசியும் போட்டார்கள். இரண்டாம் தவணைக்கு ஒரு வாரம் கழித்துக் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து, அறிகுறிகளோடு நோயுற்றவர்கள் மருந்தில்லாத பிரிவில் 162 பேர், தடுப்பூசிப் பிரிவில் 8 பேர். 162 பேருக்கு வந்திருக்க வேண்டிய நோய் 8 பேருக்கு மட்டுமே வந்தது என்பதுதான் அந்த 95 விழுக்காடு. மாடர்னாவின் ஆய்வில் இதே கணக்கு 185க்கு 11 என்று அமைந்து 94.1 விழுக்காடு ஆயிற்று. 50 விழுக்காடு பலன் இருந்தாலே ஏற்கத்தக்கது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020 ஜூனில் வரையறுத்திருந்ததை நினைத்தால், அது எவ்வளவு பெரிய வெற்றி என்பது புரியும்.

ஆனால் அந்த ஆய்வு அளந்தது அறிகுறியுள்ள நோயை மட்டுமே. அறிகுறியே இல்லாமல் தொற்றுக்கு ஆளானவர்களை அது தேடி எண்ணவில்லை. தடுப்பூசி போட்டவரிடமிருந்து அடுத்தவருக்கு எந்த அளவு பரவுகிறது என்று பார்ப்பதற்காக அது வடிவமைக்கப்படவும் இல்லை. பங்கேற்றவர்களைப் பின்தொடர்ந்த காலமும் அப்போது சராசரியாக இரண்டு மாதம்தான். இவற்றை யாரும் மறைக்கவில்லை. ஆய்வுக் கட்டுரையிலேயே எழுதியிருந்தார்கள். கட்டுரையிலிருந்து செய்திக்கும், செய்தியிலிருந்து சுற்றறிக்கைக்கும் வந்துசேர்வதற்குள் அந்த வரையறைகள் உதிர்ந்துபோய், எண் மட்டும் மிஞ்சியது. எங்கள் சுற்றறிக்கையில்கூட, ‘நம்மையும் சக ஊழியர்களையும் காத்துக்கொள்ள’ என்று ஒரே மூச்சில் எழுதியிருந்தோம். தன்னைக் காப்பதும் பிறரைக் காப்பதும் இரண்டு வேறு பலன்கள் என்பதும், அவற்றின் அளவு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதும் அந்த வரியில் தெரியவில்லை.

ஏன் ஒன்றாக இருப்பதில்லை என்பதற்கு உடலின் இயல்பிலேயே விடை இருக்கிறது. இந்த வைரஸ் முதலில் மூக்கிலும் தொண்டையிலும் பெருகுகிறது. சில நாள்களிலேயே பிறருக்குப் பரவத் தொடங்கிவிடுகிறது. தடுப்பூசி போட்ட முதல் சில மாதங்களில் உடலில் ஆன்டிபாடிகள் எனப்படும், கிருமியைப் பற்றி மறிக்கும் புரதங்கள் நிறைந்திருப்பதால், கிருமி நுழையும் இடத்திலேயே அதை ஓரளவு மறிக்க முடிகிறது. மாதங்கள் செல்லச்செல்ல ஆன்டிபாடிகளின் அளவு இறங்குகிறது. நினைவாற்றல் கொண்ட நோயெதிர்ப்பு அணுக்கள் எஞ்சி நிற்கின்றன. ஆனால் அவை விழித்துப் பெருகி வேலையைத் தொடங்கச் சில நாள்கள் ஆகும். அதற்குள் மூக்கில் தொற்று நிலைகொண்டுவிடும். நுரையீரலை அது சீரழிப்பதற்குள் எதிர்ப்பு அணுக்கள் வந்துசேர்ந்துவிடும். இதனால்தான் தொற்றைத் தடுக்கும் பலன் விரைவில் தேய்ந்ததும், உயிரைக் காக்கும் பலன் நெடுநாள் நின்றதும். வைரஸின் டெல்டா திரிபு வந்தபோது இந்த இடைவெளி தெரியத் தொடங்கியது; 2021 நவம்பர் 26 அன்று உலக சுகாதார நிறுவனம் ஒமிக்ரான் என்று பெயரிட்ட திரிபு பரவியபோது அந்த இடைவெளியை யாராலும் மறுக்க முடியவில்லை.

இதற்கிடையில் 2021 ஜூலையில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பிராவின்ஸ்டவுன் என்ற கடற்கரை ஊரில் நடந்த கொண்டாட்டங்களுக்குப் பிறகு ஒரு பரவல் ஏற்பட்டது. அந்த மாநிலத்தவரில் கண்டறியப்பட்ட 469 பேரில் 346 பேர், அதாவது 74 விழுக்காட்டினர், முழுமையாகத் தடுப்பூசி போட்டவர்கள். இந்த எண் எங்கள் அலுவலகத்திலும் கைப்பேசி கைப்பேசியாகச் சுற்றியது. நோயுற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் ஊசி போட்டவர்கள் என்றால் ஊசியால் என்ன பயன் என்று கேட்டார்கள். கேள்வியில் தவறில்லை, ஆனால் கணக்கு பாதியில் நின்றுவிட்டது. ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் 900 பேர் தடுப்பூசி போட்டவர்கள் என்று வைத்துக்கொள்வோம். போடாத 100 பேரில் 20 பேருக்குத் தொற்று வருகிறது. தடுப்பூசி அந்த வாய்ப்பைப் பாதியாக்குகிறது என்றால், போட்ட 900 பேரில் 90 பேருக்கு வரும். நோயுற்ற 110 பேரில் 90 பேர் ஊசி போட்டவர்களாகத் தெரிவார்கள். ஆயினும் ஊசி அந்த 900 பேரில் மேலும் 90 பேரைக் காத்திருக்கிறது. ஊரே போட்டுக்கொண்டால் நோயுற்றவர்கள் எல்லோருமே போட்டவர்களாகத்தான் இருப்பார்கள். அந்தப் பரவலில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் 5 பேர்; இறந்தவர் ஒருவரும் இல்லை. இதைச் சொன்னவர்கள் குறைவு.

ஆனால் அதே நிகழ்வு, ஆணையை ஆதரித்தவர்கள் கேட்க விரும்பாத ஒன்றையும் சொன்னது. தடுப்பூசி போட்டவரும் நோயைப் பிறருக்குக் கொடுக்கக்கூடும் என்பதால், பரவல் மிகுந்த பகுதிகளில் போட்டவர்களும் மீண்டும் உள்ளிடங்களில் முகக்கவசம் அணிய வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அந்த மாத இறுதியில் தன் அறிவுரையை மாற்றியது. நாங்கள் கட்டாய ஆணையின் வாசகத்தை முடிவு செய்துகொண்டிருந்தது ஏறத்தாழ இதே காலத்தில்தான்.

கிடங்கில் வேலை செய்த அம்மா

விலக்குப் படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன: மருத்துவக் காரணம், சமயக் காரணம், பிற. கிடங்கில் பொருள்களைக் கணக்கெடுத்துப் பதிவு செய்யும் ஓர் அம்மா, ‘பிற’ என்ற கட்டத்தில் குறியிட்டு, எழுத இடம் போதாமல் தாளின் பின்பக்கத்தில் தொடர்ந்திருந்தார். அவருக்கு ஏற்கெனவே தொற்று வந்து குணமாகியிருந்தது. பரிசோதனை அறிக்கையை இணைத்திருந்தார். வேலை நேரத்தில் பெரும்பாலும் தனியாகவே இருப்பதாகவும், பொருள் வாங்க வருகிறவர்கள் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நின்று கையெழுத்திட்டு எடுத்துப்போவதாகவும் எழுதியிருந்தார். அவருடைய உறவினர் ஒருவருக்கு முதல் தவணைக்குப் பிறகு கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டதால் அச்சம் என்றும் ஒரு வரி இருந்தது. உறவினருக்கு வந்தது அவருக்கு மருத்துவ விலக்குத் தராது என்பதால் அவரை நேரில் அழைத்தோம்.

அவர் கோபமாகப் பேசவில்லை. எங்கள் மருத்துவ ஆலோசகரைப் பார்த்து, “சார், நீங்க படிச்சவங்க, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் ஊசி போட்டுக்கிட்டா, என்கிட்ட இருந்து உங்களுக்கு வராதா? இல்ல, எனக்கு வந்தா பெருசா படுத்தாதா? முதல்ல சொன்னதுன்னா போட்டுக்கறேன், அது உங்க எல்லாருக்காக. ரெண்டாவதுன்னா அது என் பாடு சார், அதுக்கு ஏன் வேலையை எடுக்கணும்?” என்றார்.

ஆலோசகர் நேர்மையானவர். உடனே பதில் சொல்லாமல், மேசையில் இருந்த தாளைச் சற்று நேரம் பார்த்தார். இரண்டும் உண்டு என்றும், இரண்டாவது பலன் வலுவானது, உறுதியானது என்றும், முதலாவது சில மாதங்களுக்கு உண்டு, பிறகு குறைந்துகொண்டே வரும் என்றும், ஏற்கெனவே தொற்று வந்து குணமான அவருக்கு ஊசியால் கூடுதலாகக் கிடைப்பது மற்றவர்களுக்குக் கிடைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும் என்றும் சொன்னார். இருந்தாலும் போட்டுக்கொள்வது நல்லது, நான் உங்கள் தம்பியாக இருந்தாலும் இதைத்தான் சொல்வேன் என்றார். அந்த அம்மா தலையசைத்து, “நல்லதுன்னு எனக்கும் தெரியுது சார். நல்லதுக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம்னுதான் கேட்டேன்” என்றார். அறையில் இருந்த யாரிடமும் அதற்குப் பதில் இல்லை.

தொற்று வந்து குணமானதை அவர் ஒரு காரணமாக எழுதியிருந்தது ஆதாரமில்லாத பேச்சன்று. 2021 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியம் நடைமுறைப்படுத்திய கோவிட் சான்றிதழ், ஊசி போட்டவர்களோடு, தொற்றிலிருந்து மீண்டவர்களையும் 180 நாள் வரை ஏற்றுக்கொண்டது. டெல்டா பரவிய காலத்தில் கலிபோர்னியா, நியூயார்க் மாநிலங்களின் பதிவுகளை ஆராய்ந்து அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே 2022 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வில், முன்பு தொற்றுக்கு ஆளாகி மீண்டவர்களுக்கு மீண்டும் தொற்று வந்த விகிதம், தொற்றே வராமல் ஊசி மட்டும் போட்டவர்களைவிடக் குறைவாக இருந்தது. அதற்காகத் தொற்றைத் தேடிப் போவது அறிவுடைமை ஆகாது. அந்தப் பாதுகாப்பைப் பெறும் வழியில் இறந்தவர்கள் ஏராளம். ஆனால் ஏற்கெனவே அந்த வழியைக் கடந்து வந்துவிட்ட ஒருவரை, எந்தப் பாதுகாப்பும் இல்லாதவராகக் கருதும் ஆணை அறிவியலின் பெயரைச் சொல்லிக்கொள்ள முடியாது.

பலன் மிகுந்திருந்தும் கட்டாயம் இல்லாத ஊசி

அந்த அம்மாவின் கேள்வி என்னைப் பழைய விதிகளைத் தேடிப் படிக்க வைத்தது. ரத்தம் வழியாகவும் தொற்றி ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி நோய்க்கான தடுப்பூசியைப் பற்றிய விதி அவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. மருத்துவமனையில் தவறுதலாக ஊசி குத்திக்கொள்ளும் செவிலியருக்கும், ரத்த மாதிரிகளைக் கையாளும் ஆய்வகப் பணியாளருக்கும் அந்த நோய் உண்மையான தொழில்சார் ஆபத்து. தடுப்பூசியோ மிக நல்ல பலன் தருவது. அந்தப் பலன் பல ஆண்டுகள் நிற்பது. ஆயினும் அமெரிக்காவில் தொழிலிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஓஷா அமைப்பு 1991இல் கொண்டுவந்த விதி, கட்டாயத்தைத் தொழிலாளியின்மீது சுமத்தவில்லை. பணியில் சேர்ந்த 10 வேலை நாள்களுக்குள், செலவு ஏதுமின்றி, நிறுவனம் அவருக்குத் தடுப்பூசியைத் தர முன்வர வேண்டும். அவர் மறுக்கலாம், மறுத்தால் ஆபத்தை அறிந்தே மறுப்பதாக ஒரு படிவத்தில் கையெழுத்திட வேண்டும். பிறகு மனம் மாறினால் அப்போதும் நிறுவனம் இலவசமாகவே தர வேண்டும். கட்டாயம் முழுவதும் வேலை தருகிறவருக்கு. பலன் முதன்மையாகப் போட்டுக்கொள்கிறவருக்கே சேர்கிறது என்னும்போது, முடிவும் அவருடையதாக இருக்கட்டும் என்று அந்த விதி அமைந்திருப்பது எனக்கு மிகுந்த நியாயமாகப் படுகிறது.

பெரியம்மைக் காலத்துக்குப் போனால் இன்னும் தெளிவாகிறது. இங்கிலாந்தில் 1853ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைகளுக்கு அம்மைக் குத்துவதைக் கட்டாயமாக்கியது. மறுத்த பெற்றோருக்குத் திரும்பத் திரும்ப அபராதம் விதிக்கப்பட்டது, கட்ட முடியாதவர்கள் சிறைக்கும் போனார்கள். 1885இல் லெஸ்டர் நகரில் மாபெரும் எதிர்ப்புப் பேரணி நடந்தது. பின்னர் 1889இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம் ஏழாண்டுகள் ஆராய்ந்து 1896இல் அறிக்கை தந்தது. அம்மைக் குத்தல் நோயிலிருந்து காக்கிறது என்பதை அது ஐயமின்றி ஏற்றது. அதே அறிக்கையில், மறுப்பவர்களை மீண்டும் மீண்டும் தண்டிப்பதை நிறுத்த வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 1898இல் மனச்சான்றின் பேரில் மறுக்கும் உரிமை சட்டத்தில் இடம்பெற்றது. மருந்து நல்லது, தண்டனை கூடாது என்ற இரண்டையும் ஒரே கையால் எழுத முடியும் என்பதை 125 ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார்கள்.

கட்டாயத்தை ஆதரிப்போர் எப்போதும் எடுத்துக்காட்டும் ஜேக்கப்சன் வழக்கையும் படித்தேன். அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் பெரியம்மை பரவியபோது ஊசியை மறுத்த ஜேக்கப்சன் என்பவர்மீது தொடரப்பட்ட வழக்கு அது. 1905இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் அதிகாரத்தை உறுதிசெய்தது. அங்கே தண்டனை 5 டாலர் அபராதம். கட்டிவிட்டால் கதை முடிந்தது. பெரியம்மையோ, தொற்றியவர்களில் ஏறத்தாழ பத்தில் மூவரைக் கொன்ற நோய். அந்த ஊசியோ தொற்றையும் பரவலையும் தடுத்து, கடைசியில் அந்த நோயையே உலகிலிருந்து ஒழித்தது; 1980இல் அது அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. அப்படிப்பட்ட நோய்க்கும் ஊசிக்கும் 5 டாலர் போதுமாக இருந்தது. நாங்கள் விதித்தது சம்பளமில்லா விடுப்பும், அதன்பின் பணிநீக்கமும்.

ஒரே நாளில் இரண்டு தீர்ப்புகள்

2022 ஜனவரி 13 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் இரண்டு முடிவுகளை அறிவித்தது. நூறு பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களில், ஊசி அல்லது வாரந்தோறும் பரிசோதனை என்று ஏறத்தாழ 8.4 கோடித் தொழிலாளர்களை உள்ளடக்கிய ஓஷாவின் ஆணையை 6-3 என்ற பெரும்பான்மையில் நிறுத்திவைத்தது. அரசின் மருத்துவ நிதி பெறும் மருத்துவமனைகளின் பணியாளர்கள் ஊசி போட்டாக வேண்டும் என்ற ஆணையை 5-4 என்று அனுமதித்தது. நீதிமன்றம் பேசியது பெரும்பாலும் அமைப்புகளின் அதிகார எல்லையைப் பற்றித்தான். ஆயினும் அந்த இரு முடிவுகளுக்கும் நடுவே ஒரு நல்ல எல்லைக்கோடு தெரிகிறது. வீட்டிலும் பள்ளியிலும் தெருவிலும் எல்லோருக்கும் உள்ள ஆபத்தைப் பணியிட ஆபத்து என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் படுத்த படுக்கையாய் இருக்கும் நோயாளியைத் தொட்டுத் தூக்குகிறவரின் நிலை வேறு. அந்த நோயாளி தன்னைத் தொடுகிறவரைத் தேர்ந்தெடுக்க முடியாது, விலகி அமர முடியாது. பரவலைத் தடுக்கும் பலன் சில மாதங்களே நிற்கும் என்றாலும், அந்தச் சில மாதங்களுக்கு அங்கே பெரிய மதிப்பு உண்டு. புற்றுநோய் வார்டிலும் முதியோர் இல்லத்திலும் ஊசியை நிபந்தனையாக்குவதை நான் அன்றும் ஆதரித்தேன், இன்றும் ஆதரிக்கிறேன்.

இந்திய உச்ச நீதிமன்றம் 2022 மே 2 அன்று ஜேக்கப் புலியெல் வழக்கில் சொன்னது, அந்த அம்மாவின் கேள்விக்கு மிக அருகில் வருகிறது. தடுப்பூசிக் கொள்கை நியாயமானது என்று ஏற்ற நீதிமன்றம், அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உடல்சார் உரிமையின்படி யாரையும் ஊசி போடக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. பொதுநலன் கருதி அரசு கட்டுப்பாடுகள் விதிக்கலாம், ஆனால் அவை அளவோடு இருக்க வேண்டும். போடாதவர்களால் பரவும் ஆபத்து போட்டவர்களால் பரவுவதைவிட அதிகம் என்று காட்டும் தரவு எதையும் அரசுகள் முன்வைக்காததால், தொற்று குறைவாக இருக்கும்வரை அந்தக் கட்டுப்பாடுகள் பொருத்தமானவை அல்ல என்றது. பக்கவிளைவுகள் பற்றிய தகவல்களைப் பொதுவெளியில் வைக்க வேண்டும் என்றும் பணித்தது. மருந்து நன்று, கொள்கை சரி, கட்டாயத்துக்கு மட்டும் தனி ஆதாரம் காட்டு என்று அது பிரித்துக் கேட்டது.

ஆணையிடுகிறவர் ஏற்க வேண்டியவை

பக்கவிளைவுகளைப் பற்றிப் பேசினாலே தடுப்பூசிக்கு எதிரானவர் என்று முத்திரை குத்தும் வழக்கம் எங்கள் குழுவிலும் இருந்தது. ஃபைசர், மாடர்னா போன்ற எம்ஆர்என்ஏ வகை ஊசிகளின் இரண்டாம் தவணைக்குப் பிறகு, பெரும்பாலும் இளம் ஆண்களிடம், அரிதாக இதயத்தசை அழற்சி ஏற்பட்டது. ஆஸ்ட்ராஜெனகா வகை ஊசிக்குப் பிறகு மிக அரிதாக ரத்தம் உறையும் சிக்கல் வந்தது. பெரும்பாலோருக்கு ஊசியின் நன்மை இவற்றைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் விரும்பிப் போட்டுக்கொண்டவருக்கு நேரும் அரிய தீங்குக்கும், வேலையைக் காட்டிப் போடவைத்தவருக்கு நேரும் அரிய தீங்குக்கும் இடையே பொறுப்பில் பெரிய வேறுபாடு உண்டு. ஊசி போட்ட மறுநாள் காய்ச்சலால் வராதவருக்குச் சம்பளத்தோடு விடுப்புத் தர வேண்டும், கடும் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவை நிறுவனம் ஏற்க வேண்டும் என்று குழுவில் முன்மொழிந்தேன். முதலாவது ஏற்கப்பட்டது. இரண்டாவதற்கு, ஊசி அரசு அனுமதித்தது, நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்று பதில் வந்தது. பொறுப்பில்லை என்றால் கட்டாயப்படுத்தும் அதிகாரமும் இல்லை என்பதுதான் என் வாதம். அதைப் பதிவு செய்யும்படி கேட்டேன், பதிவு செய்தார்கள்.

கிடங்கு அம்மாவுக்கு வாரந்தோறும் பரிசோதனை செய்துகொண்டு வேலையில் தொடர அனுமதி தரலாம் என்று குழு பரிந்துரைத்தது. ஒருவருக்குத் தந்தால் எல்லோரும் கேட்பார்கள் என்று நிர்வாகம் மறுத்துவிட்டது. சம்பளமில்லா விடுப்பில் இருந்தவர், சில வாரங்களில் தாமாகவே விலகினார். ஒமிக்ரான் அலை அடித்து ஓய்ந்து, ஊசி போட்டவர்கள் போடாதவர்கள் என்ற பாகுபாடின்றி அலுவலகத்தில் பலருக்கும் தொற்று வந்துபோன பிறகு ஆணை திரும்பப் பெறப்பட்டது. இங்கிலாந்திலும் இப்படித்தான் நடந்தது. முதியோர் இல்லப் பணியாளர்களுக்கு 2021 நவம்பர் 11 அன்று நடைமுறைக்கு வந்த கட்டாயம் 2022 மார்ச் 15 அன்று நீக்கப்பட்டது. நான்கு மாதங்களில் காரணம் காலாவதியாகக்கூடிய ஓர் ஆணைக்கு, வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடிய தண்டனையை இணைத்தது பெரும் அநீதி. எங்கள் நிறுவனத்தின் ஆணை நீக்கத்தை அறிவித்த சுற்றறிக்கையின் வரைவு குழுவுக்கு வந்தபோது, இந்த ஆணையால் விலகியவர்கள் விரும்பினால் பழைய பணிமூப்போடு திரும்பச் சேரலாம் என்று ஒரு வரி சேர்க்கக் கேட்டேன். மனிதவளத் துறை, விலகல் கடிதம் தந்தவர்கள் தாமாக விலகியவர்களே என்று எழுதி அதை நீக்கிவிட்டது. அந்த வரிக்காக இப்போதும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.